மாமா ‘குக்கர்’ சொல்லாத மத்தியானம்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்கழி மாதம், மந்தைவெளியில் எங்கள் வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் நான் கால் உடைந்து கிடந்தபோது நடந்தது இது. கால் உடைந்ததே ஒரு தனிக் கூத்து. தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில், பட்டுப் புடவைப் பிரிவில் எனக்கு வேலை. தீபாவளிக் கூட்டத்தில் ஓர் அம்மா, முன்னால் விரித்துப் போட்ட புடவைகளையெல்லாம் விட்டுவிட்டு, மேல் தட்டில் ஓரமாகத் தெரிந்த மாம்பழ மஞ்சளைத்தான் பார்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஸ்டூலில் ஏறினேன். புடவை கீழே வந்தது, கூடவே நானும் வந்தேன். அந்த அம்மா கடைசியில் அந்தப் புடவையை எடுக்கவில்லையாம். கால் வலியைவிட அந்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு அதிகம்.

என் கணவர் ஒரு மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறார். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நானோ நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவள். ‘இந்த பார்டர் உங்க நிறத்துக்கு எடுப்பா இருக்கும்மா’ என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவளைக் கொண்டுவந்து நாலு சுவருக்குள் போட்டால் என்ன ஆகும்? சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டேன்.

லீவுக்கு வந்திருந்த மகள் கிளம்பும்போது என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். “போரடிச்சா ஆடும்மா. நாலு பேரோட பேசிக்கிட்டே ஆடலாம்” என்றாள். இதே விளையாட்டுக்காக அவள் பிளஸ் டூ படிக்கும்போது அவளுடைய போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தவள் நான். அதைச் சொல்லிக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது இன்னும் கடுப்பாக இருந்தது.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் ஒரு அணி. எல்லா அணிகளும் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். துப்பாக்கி, முதலுதவிப் பெட்டி, வண்டி என்று கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு அடித்துக்கொள்ள வேண்டும். சுற்றிலும் ஒரு விஷ வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்குள் மாட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் போகும். கடைசியாக மிஞ்சுகிற அணிக்கு வெற்றி. நால்வரும் இயர்போனில் பேசிக்கொண்டே ஆடலாம். செத்துப்போனவர்கள்கூடப் பேசலாம். ஆனால் அணியில் ஒருவராவது உயிரோடு இருக்க வேண்டும். கடைசி ஆளும் போய்விட்டால் ஆட்டம் கலைந்துவிடும், பேச்சும் அறுந்துவிடும். மறுபடி சேர வேண்டுமென்றால் அவரவர் போனில் அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும்.

முதல் சில நாட்கள் யார் யாரோடோ மாட்டிக்கொண்டு திட்டு வாங்கினேன். அப்புறம், எப்படியென்று தெரியாது, மூன்று குரல்கள் ஒட்டிக்கொண்டன.

முதலாவது மாமா. அறுபதைத் தாண்டிய குரல். மயிலாப்பூர் பேச்சு. துப்பாக்கியைத் தொடவே மாட்டார். தீவில் இறங்கியதும் ஒரு ஜீப்பைத் தேடிப் பிடித்து, மூன்று பேரும் ஏறுகிறவரை ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார். “எல்லாரும் ஏறியாச்சா? கதவைச் சாத்திண்டாச்சா?” என்பார். ஜீப்புக்குக் கதவே கிடையாது. இரண்டாவது பாய். ராயப்பேட்டைப் பக்கம் தையல் கடை வைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. பின்னணியில் மெஷின் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது ஒரு தம்பி. எல்லாரையும் மச்சி என்று கூப்பிட்டதால் அவனுக்கே மச்சி என்று பேர் வைத்துவிட்டோம். விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து, மத்தியானம் படகு நிழலில் படுத்துக்கொண்டு ஆடுவான். அதுவும் பிறகு தெரிந்ததுதான். குறி வைத்தால் தப்பாது, அப்படிச் சுடுவான்.

எல்லாமே பிறகு தெரிந்ததற்குக் காரணம் நான் போட்ட சட்டம். பெண் குரல் கேட்டாலே நம்பர் கேட்கிற கும்பல் அந்த விளையாட்டில் உண்டு. அதனால் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டேன். “பேர் கேக்கக் கூடாது, ஊர் கேக்கக் கூடாது, நம்பர் கேக்கவே கூடாது. சம்மதம்னா ஆடலாம்.” மூவரும் ஒப்புக்கொண்டார்கள். பேச்சை வைத்துச் சென்னைதான் என்று தெரிந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. ஒருநாள் நடு ஆட்டத்தில் குக்கர் விசில் அடிக்கவும், போனைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தால் என்னைச் சுட்டுச் சாய்த்திருந்தார்கள். “சொல்லிட்டுப் போனா நாங்க காவல் நின்னுருப்போம்ல மா” என்று பாய் கோபித்துக்கொண்டார். அன்று முதல் யார் போனை விட்டு நகர்ந்தாலும் ‘குக்கர்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மற்ற மூவரும் திரையில் நிற்கிற அவருடைய பொம்மையைச் சுற்றி நின்று காப்பார்கள். பாய் கடைக்கு ஆள் வந்தாலும் குக்கர், மச்சியை அவன் அம்மா கூப்பிட்டாலும் குக்கர். மாமா பாத்ரூம் போனாலும் குக்கர்தான்.

மூன்று மணிக்குக் கூடுவோம். என்ன பேசினோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. மார்கழி என்பதால் மாமா சபா கேன்டீன் பற்றிப் பேசுவார். மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, சும்மா போய் உட்காரலாம், ஆனாலும் போகாமல் இங்கே ஜீப் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தன்னைத் தானே திட்டிக்கொள்வார். நடுவில் அவர் பக்கத்தில் வெங்காய வண்டி வரும். லோடு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, பதிவு செய்த குரலில் ‘பெரிய வெங்காயம், நாசிக் வெங்காயம், பாத்து வாங்கு, பொறுக்கி வாங்கு’ என்று அலறுமே, அது. அது வந்தாலே மாமாவுக்கு உச்சந்தலையில் ஏறிவிடும். “வந்துட்டான்யா வித்வான்! சுருதியும் இல்லே, தாளமும் இல்லே” என்பார். நாங்கள் சிரிப்போம். சற்று நேரத்தில் அதே குரல் என் ஜன்னலுக்கு வெளியிலும் கேட்கும். “உங்காத்துக்கும் வந்துட்டானா?” என்பார். ஊர் முழுக்க எல்லா வெங்காய வண்டியிலும் அதே பதிவுதான் ஓடுகிறது. அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு மாமா ஆரம்பத்திலிருந்தே சரியில்லை. ஜீப்பை மரத்தில் மோதினார். கேட்டதற்குச் சிடுசிடுவென்று விழுந்தார். அப்படிப் பேசுகிறவரே இல்லை. “ஃபேன் ஓடறது, ஆனா வேர்த்துக் கொட்டறது” என்றார். அப்புறம் ஏதோ சம்பந்தமில்லாமல் அம்பத்தூர் சிக்னல் என்று முணுமுணுத்தார். ஒரு பாலத்தின் நடுவில் ஜீப் மெதுவாகி நின்றது. நாங்கள் மூவரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம், மாமாவிடமிருந்து சத்தமில்லை.

“மாமா குக்கரு” என்று மச்சியே அவருக்குப் பதிலாக அறிவித்தான்.

உடனே இறங்கிக் காவலுக்கு நின்றோம். பாய் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மச்சி பாலத்தின் மேல். இரண்டு அணிகள் வந்தன. மச்சி ஒவ்வொருவனாகச் சாய்த்தான். நான்கூட ஒருவனைச் சுட்டேன், என் வாழ்க்கையிலேயே முதல் தடவை! “அக்கா தூள் கெளப்பிட்டே” என்று மச்சி கத்தினான். மாமா வந்ததும் சொல்லிப் பெருமையடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அங்கே ஒரு மனிதர் தரையில் விழுந்து கிடக்கிறார், நாங்கள் அவருடைய பொம்மையை ஒரு கீறல் விழாமல் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறோம்.

அப்போது அவருடைய மைக்கில் வெங்காய வண்டி வந்தது. பெரிய வெங்காயம், நாசிக் வெங்காயம் என்று நெருங்கி, உச்சத்துக்குப் போய், மெல்லத் தேய்ந்து மறைந்தது. யாரும் ‘வந்துட்டான்யா வித்வான்’ என்று சொல்லவில்லை.

“மாமா” என்றேன். பாய் மெஷினை நிறுத்திவிட்டார். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குறட்டை மாதிரி, குறட்டை இல்லாத ஒரு மூச்சு.

“இன்னாக்கா, தூங்கினு கீறாரா?” என்றான் மச்சி.

“இல்லடா. எங்க கடையில சுகர்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க. பண்டிகைக் கூட்டத்துல சாப்பாடு தள்ளிப் போனா இப்படித்தான் வேர்க்கும், இப்படித்தான் உளறுவாங்க. இவருக்கு சுகர் எறங்கிருக்கு” என்றேன்.

“ஆம்புலன்ஸ் கூப்பிடுறேன்” என்றார் பாய். கடைப் போனில் கூப்பிட்டார். அடுத்த நிமிடமே அவர் குரல் உடைந்தது. “அட்ரஸ் கேக்குறாங்க மா. நான் என்னான்னு சொல்றது?”

பேர் கேட்கக் கூடாது, ஊர் கேட்கக் கூடாது, நம்பர் கேட்கக் கூடாது. என் சட்டம் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அதே நேரம் என் ஜன்னலுக்கு வெளியே, தெரு முனையில், ‘பெரிய வெங்காயம்’ என்று கேட்டது.

தினமும் இதே வரிசைதான். முதலில் மாமா வீடு, அப்புறம் என் வீடு. ஒரே பதிவுதான், ஆனால் ஒரே வண்டியாகவும் இருந்தால்? யோசிக்க நேரமில்லை. “பாய், நீங்க மாமா மைக்கையே கேட்டுக்கிட்டு இருங்க. மச்சி, நீ சாகாதே. நீ செத்தா எல்லாம் அறுந்துரும்” என்று சொல்லிவிட்டு, இயர்போனோடு ஊன்றுகோலை எடுத்தேன்.

மாவுக்கட்டு பிரித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காலை ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மாடியையும் உட்கார்ந்து உட்கார்ந்து, படிப் படியாகச் சறுக்கியே இறங்கினேன். நைட்டி மேல் ஒரு துண்டு. வாசலுக்கு வந்தபோது வண்டி எங்கள் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஊன்றுகோலை நீட்டி மறித்தேன்.

“அண்ணே, இந்தத் தெருவுக்கு முன்னாடி எங்கெல்லாம் வந்தீங்க?”

“இன்னாக்கா, அழுவுன வெங்காயம் எதுனா போட்டுட்டனா?” என்றார் ஓட்டுகிறவர்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. போனில் ஒருத்தர் விழுந்து கிடக்கிறார், வீடு தெரியாது, உங்கள் வண்டிச் சத்தம் அவர் போனில் கேட்டது என்று ஏதோ கொட்டினேன். பைத்தியம் என்று நினைத்திருந்தால்கூடத் தப்பில்லை. அவர் என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “யாவாரம் கெடக்குது, ஏறுக்கா” என்று மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்தார். “ஆனா நாலஞ்சு தெரு சுத்தினு வந்தேனே, எதுன்னு சொல்றது?”

“ஸ்பீக்கரை நிறுத்தாதீங்க. வந்த வழியே திரும்பப் போங்க.”

இப்படித்தான் நான் மந்தைவெளியிலிருந்து மயிலாப்பூர்ப் பக்கம் வெங்காய மூட்டை மேல் ஊர்வலம் போனேன். தலைக்கு மேல் ஒலிபெருக்கி அலறுகிறது. அது என் வழியாகக் கேட்டுக் குழப்பக் கூடாதென்று என் மைக்கை அணைத்துவிட்டேன். காதுக்குள் பாய் பேசுகிறார். “கேக்கல மா... இன்னும் கேக்கல... இரு இரு, லேசா கேக்குது.” ஒரு தெருவில் திரும்பினோம். “கம்மியாவுது மா, திரும்புங்க.” வண்டிக்காரர் ஒடித்துத் திருப்பினார். கூடையோடு வெளியே வந்த பெண்கள் கை காட்டினார்கள். “இப்ப வெங்காயம் கிடையாது!” என்று கத்தினேன். “அப்புறம் எதுக்குக் கூவுறீங்க?” என்று ஒரு அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

அந்தப் பக்கம் மச்சியின் நிலைமை அதைவிட மோசம். விஷ வட்டம் பாலத்துக்கு வந்துவிட்டது. மாமாவின் பொம்மை ஜீப்பிலேயே போனது. என்னுடையது தெருவில் நான் கவனிக்காதபோது போனது. பாயும் போய்விட்டார். மிச்சம் மச்சி மட்டும். வட்டம் சுருங்கிச் சுருங்கி, எதிரிகளில் ஒருவன், இவன் ஒருவன் என்று வந்து நின்றது. எதிரி இவனைப் பார்க்கவில்லை. சுட்டால் ஜெயித்துவிடலாம். ஆனால் ஜெயித்தாலும் ஆட்டம் முடியும், தோற்றாலும் முடியும். எங்கள் அணியிலேயே கை துறுதுறுக்கிறவன் அவன். துப்பாக்கியை வைத்துக்கொண்டு புல்லுக்குள் படுத்து, “இன்னா பண்றது பாய், இன்னா பண்றது பாய்” என்று புலம்பிக்கொண்டிருந்தான்.

அந்த விளையாட்டில் எதிராளிக்கும் கேட்கும்படி பேச ஒரு வழி உண்டு. பெரும்பாலும் கெட்ட வார்த்தை பேசத்தான் அது பயன்படும். பாய் சொல்லச் சொல்ல மச்சி அதைத் திறந்தான். “அண்ணா, சுடாதேண்ணா” என்றான். பதில் இல்லை. தமிழ் தெரியாத ஆள் போலிருக்கிறது என்று, பாய் உருதுவில் பேசினார். அவர் இப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. எங்களில் ஒரு பெரியவர் நிஜமாகவே உயிருக்குப் போராடுகிறார், வீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம், ஆட்டம் முடிந்தால் அவர் சத்தம் போய்விடும், உங்கள் தாய் மேல் ஆணை, கொஞ்சம் பொறுங்கள் என்றார். எனக்கு உருது அரைகுறைதான். அதற்கே அவ்வளவும் புரிந்தது.

அந்த ஆள் என்ன செய்தான் என்பதை மச்சி எத்தனையோ தடவை சொல்லிவிட்டான், எனக்கும் அலுக்கவில்லை. நேராக இவனை நோக்கி நடந்து வந்தானாம். துப்பாக்கியைக் கீழே போட்டானாம். தன்னிடமிருந்த முதலுதவிப் பெட்டிகளில் பாதியை ஒவ்வொன்றாக எடுத்து மச்சியின் காலடியில் வைத்தானாம், விஷம் ஏற ஏற இவன் உயிரோடு இருப்பதற்காக. மிச்சத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்துகொண்டானாம்.

“ஏறுது மா, ஏறுது, ஏறுது! காதைக் கிழிக்குது!” என்று பாய் கத்தினார். வண்டி நின்றது. கோயில் குளத்துக்குப் பின்புறம் ஒரு சின்னச் சந்து. இரண்டு பக்கமும் வீடுகள். நான் மூட்டை மேல் உட்கார்ந்தபடியே “மாமா!” என்று அடித் தொண்டையில் கூப்பிட்டேன்.

“உன் கொரலே கேக்குது மா! அவர் போன்ல கேக்குது!”

கீழ்ப் பகுதி வீடு ஒன்றின் ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வண்டிக்காரர் கையை விட்டுத் தாழை இழுத்தார். நாற்காலிக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு ஒல்லியான மனிதர் சரிந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, உதடு அசைந்தது. மேசை மேல் ஒரு தட்டில் சாதம் மூடி வைத்தபடியே இருந்தது.

நினைவு முழுசாகப் போகவில்லை என்பதுதான் நல்ல காலம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அடுப்படியிலிருந்து வண்டிக்காரர் தேடிக் கொண்டுவந்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரலில் தொட்டு அவருடைய கன்னத்தின் உள்பக்கம் தடவினேன். பாய் ஆம்புலன்ஸுக்கு இப்போது விலாசம் சொன்னார். கதவு எண்ணை வண்டிக்காரர் கத்த, நான் மைக்கைத் திறந்து போனில் கத்த, பாய் அங்கே கத்த, ஒரே ரகளை. அப்புறம் அந்தக் கண்கள் மெல்ல என் பக்கம் திரும்பின. யாரென்று தெரியாத ஒரு பெண்பிள்ளை, நைட்டியும் துண்டும் வெங்காயத் தோலுமாக உட்கார்ந்திருக்கிறாள். நான் “மாமா” என்றேன். குரலைக் கேட்டதும்தான் அவருக்கு ஆள் தெரிந்தது.

“ஜீப்பு எங்கே நிக்கறது?” என்றார்.

நான் அழுதுவிட்டேன். “கிடைச்சுட்டார், பேசிட்டார்” என்று போனில் சொன்னேன். மச்சி அதை அந்த எதிராளிக்கும் சொல்லியிருக்கிறான். அவன் எழுந்து இரண்டு குதி குதித்தானாம். பிறகு வெறுங்கையோடு விஷத்துக்குள் நடந்து போய்விட்டானாம், எங்கள் தம்பியை ஜெயிக்க விட்டுவிட்டு. தரையில் கிடந்த மாமாவின் போன் பளிச்சென்று எரிந்து ‘வெற்றி’ என்று காட்டியது. மாமா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஜெயிச்சுட்டோமா? நான் எங்கேயானும் இடிச்சுட்டேனோன்னு பயந்துண்டிருந்தேன்.”

ஆம்புலன்ஸ் வந்தது. ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருக்கிறார், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்ல முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

மறுநாள் ஆஸ்பத்திரியில்தான் நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். குரலுக்கும் உருவத்துக்கும் சம்பந்தமே இல்லை. பாய் குண்டாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், குச்சி மாதிரி இருந்தார். மச்சி வஞ்சிர மீனைத் துணிப் பையில் போட்டுக்கொண்டு மாமாவைப் பார்க்க வந்துவிட்டான். அதை அவர் தொடக்கூட மாட்டார் என்று சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது.

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. “இன்சுலின் போட்டுக்கிட்டு சாப்பிடாம எதுக்கு மாமா வந்து உக்காந்தீங்க?”

அவர் கூச்சத்தோடு சிரித்தார். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாராம். மயிலாப்பூரிலிருந்து தினமும் தன் காரில்தான் போவார். வழியில் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேரை ஏற்றிக்கொள்வார். அத்தனை வருஷமும் அதே நாலு பேர், அதே சீட்டு, அதே வம்பு. ரிட்டயர் ஆனதும் அது நின்றது. சர்க்கரை கூடியதும் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரையும் விற்றாகிவிட்டது.

“தனியா ஓட்டற கேமும் இருக்கு. ஓட்டிப் பாத்தேன். காலி வண்டியை எவ்வளவு நேரம்மா ஓட்டறது?” என்றார். “அன்னிக்கு சமையக்காரம்மா லேட். சாப்பிட உக்கார்ந்தா மூணு மணி ஆயிடும். நீங்கள்ளாம் காத்துண்டிருப்பேள். நான் எந்தக் காலத்திலேயும் வண்டியிலே வரவாளைக் காக்க வெச்சதில்லே.”

பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டவும் திட்டினேன்.

அன்றோடு என் சட்டம் ஒழிந்தது. நம்பர், விலாசம், பக்கத்து வீட்டு நம்பர் என்று எல்லாம் வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு ஆட்டம் தொடங்கும் முன் மாமா ‘எல்லாரும் ஏறியாச்சா’ என்று கேட்டால், நாங்கள் ‘நீங்க சாப்டாச்சா’ என்று கேட்போம். பதில் வராமல் யாரும் ஜீப்பில் ஏற மாட்டோம். கால் முழுசாகத் தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் அவருடைய மச்சானின் காரைக் கொண்டுவந்தார். மாமாவை முன் சீட்டில் உட்கார வைத்து, கடற்கரைச் சாலை வழியாக அடையாறு தாண்டிப் பெசன்ட் நகர் வரைக்கும் போய்வந்தோம். விளையாட்டில் உட்காருகிற அதே இடத்தில்தான் நானும் மச்சியும் உட்கார வேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார். வழி முழுக்க “சிக்னல், சிக்னல்” என்று, ஓட்டிய பாயின் உயிரை வாங்கினார். நொச்சிக்குப்பம் வந்ததும் மச்சி தன் படகைக் காட்டினான். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் காரிலும் போனதில்லை.

இப்போது அந்த மத்தியானங்கள் இல்லை. நான் கடைக்குத் திரும்பிவிட்டேன், மூன்று மணிக்குத்தான் அங்கே கூட்டமே ஆரம்பிக்கும். மச்சிக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. பாய் கடையை ஆம்பூருக்கு மாற்றிக்கொண்டார். மாமா பெங்களூரில் மகளோடு இருக்கிறார். அங்கே புதிதாக மூன்று பேரை ஏற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. மகள் இப்போதும் கேலி செய்வாள், ‘அப்படி என்னம்மா இருந்துச்சு அந்த கேம்ல’ என்று. சுடுவதற்கும் ஜெயிப்பதற்கும்தான் ஆடுகிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தானே. முகம் தெரியாத ஒருவன் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நடந்து போனதை அவளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

வார லீவில் வீட்டில் இருக்கும்போது, மத்தியானம் எங்கள் தெருவில் அந்த வெங்காய வண்டி இன்னும் வருகிறது. வண்டிக்காரர் மேலே பார்த்துக் கை காட்டுவார், தேவையிருக்கிறதோ இல்லையோ இறங்கிப் போய் வாங்குவேன். திரும்பி மாடியேறும்போது ஒவ்வொரு தடவையும் மாமாவுக்குப் போன் போட்டு, “சாப்டாச்சா?” என்று கேட்பேன், அந்தப் பக்கம் “எல்லாரும் ஏறியாச்சா?” என்று அவர் குரல் வருகிறவரை எனக்கு அடுத்த படி ஏறத் தோன்றாது.